மறுபடியும் முதலாம் ஆண்டு

1

ஒரு கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் எழுத்தாளர்கள் சற்று நேரம் தூரத்தில் பார்ப்பார்கள். பிறகு மழை, ரயில் நிலையம், யாரோ ஒருத்தியின் பார்வை என்று ஏதாவது சொல்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. என் மகள் படிக்கும் பள்ளியின் ஹெட்மாஸ்டர் போன் செய்து, "மேடம், ஒரு முன்னுரை வேணும். கொஞ்சம் கனமா," என்று கேட்டதில்தான் இந்தக் கதை பிறந்தது.

"எவ்வளவு கனம் சார்?"

"படிக்கிறவங்க பாதியில நிறுத்திட்டு, சரி, நல்லாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போடணும். அந்த அளவுக்கு."

நான் கதை எழுதுகிறவள். வயிற்றுப்பாட்டுக்கு ஷாம்பு பாட்டிலின் பின்பக்கமும் எழுதுகிறவள். இரண்டில் எதை நம்பிக் கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளி சின்னது. ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில், ஒரே டீச்சரிடம் படிக்கிறார்கள். இது சரியா தப்பா என்று முடிவு செய்ய மேலிடத்தில் ஒரு குழு போட்டிருந்தார்கள். சரி என்றால் கூடம் தொடரும். தப்பு என்றால் பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்து, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். குழுவின் சார்பில் ஓர் ஆலோசகர் நேரில் வருகிறார். அவர் கையில் கொடுப்பதற்காக டீச்சர் அடுத்த ஆண்டுகளுக்கான பாடத்திட்டம் எழுதி வைத்திருந்தார். அதன் தலையில்தான் என் கனம் உட்கார வேண்டும்.

எழுதிக் கொடுத்தேன். அதை மறக்க இந்தக் கதையைத் தொடங்கினேன்.

2

முதல் தொடக்கம்:

"கூடத்தின் உயர்ந்த ஜன்னல்கள் வழியே வந்த காலை வெளிச்சம் பிஞ்சுத் தலைகளின் மீது ஓர் ஆசீர்வாதம் போல—"

(வேண்டாம். அந்தக் கூடத்தின் ஜன்னல்கள் உயரமானவை அல்ல. தலைகளில் பேன் உண்டு.)

இரண்டாம் தொடக்கம்:

"கல்வி என்பது—"

(இப்படித் தொடங்கிய எதையும் இதுவரை யாரும் முடித்ததில்லை, எழுதியவர் உட்பட.)

மூன்றாம் தொடக்கம்:

"டீச்சர் ஒரு மெழுகுவர்த்தி. தன்னை உருக்கி—"

(இதை டீச்சரிடம் காட்டினேன். "நான் ஏங்க உருகணும்? மாசாமாசம் சம்பளம் வாங்குறேன், ஒழுங்கா சாப்பிடுறேன். கால்தான் கொஞ்சம் வலிக்குது. அதை வேணும்னா எழுதுங்க," என்றார். எழுதிவிட்டேன்.)

3

டீச்சர் பாடம் நடத்தும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கதை அதில்தான் நிற்கிறது.

தண்ணீர் என்று எடுத்துக்கொண்டால் எல்லோருக்கும் தண்ணீர்தான். கூடத்தின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் டப். அதில் கல், கார்க், சோப்பு டப்பா மூடி, யாருடையதோ ஒற்றைச் செருப்பு. எது மிதக்கும், எது மூழ்கும் என்று ஆறு வயதும் ஒன்பது வயதும் சேர்ந்து சண்டை போடும். சண்டை சூடானதும் டீச்சர் கை தட்டுவார். நான்கு பாய்களாகப் பிரிவார்கள். முதல் பாய் பார்த்ததை வரைந்து, பக்கத்தில் ஓரிரு வார்த்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும். இரண்டாம் பாய் டம்ளரால் அளக்கும். மூன்றாம் பாய் புத்தகத்தை வாசித்துக் கேள்விக்குப் பதில் சொல்லும். நான்காம் பாய் கணக்குப் போட்டு, ஏன் அப்படி என்று எழுதும். செருப்புக்குச் சொந்தக்காரர் அன்று முழுவதும் ஒரு காலில் ஈரச் செருப்போடு இருப்பார்.

என் மகளை வீட்டில் மேனேஜர் என்று கூப்பிடுவோம். யார் எப்போது குளிக்க வேண்டும் என்பதைக்கூட அவள்தான் சொல்வாள். வயதுப்படி அவள் மூன்றாம் பாய். ஆனால் கணக்கு வந்தால் நான்காம் பாய்க்குப் போவாள். வாசிப்பு வந்தால் முதல் பாய்க்கு. எழுந்து நடக்க மாட்டாள். உட்கார்ந்தபடியே தரையில் தேய்த்துக்கொண்டு நகர்வாள். அவளுடைய கால்சட்டை எல்லாம் பின்பக்கம் நைந்து போனவை.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக்கூட்டுகிறது என்று அந்தக் கூடத்தில் யாரும் சொன்னதில்லை. அங்கே எல்லோரும் எதற்காவது ஒரு பாயிலிருந்து இன்னொரு பாய்க்கு நகர்ந்துகொண்டேதான் இருப்பார்கள். அவள் வாசிக்கத் தெரியாதவள் அல்ல. வாசிக்கும்போது வேறு பாயில் இருப்பவள். அவ்வளவுதான்.

பெரிய பள்ளியில் பாய் கிடையாது, பெஞ்ச். எல்லோரும் ஒரே வயது, எல்லோருக்கும் ஒரே பக்கம். அங்கே போன முதல் வாரத்திலேயே அவளுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிடும். நிச்சயமாக மேனேஜர் என்று இருக்காது.

ஆக, எனக்கு இந்தக் கதையில் என்ன பயம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

என் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். "இதுக்கு எதுக்கு ஒரு குழு?" என்றார். "என் கிளாஸ்ல பதினெட்டும் இருக்கு, அறுபதும் இருக்கு. எல்லாரும் ஒரே செவுத்துலதான் இடிக்கிறாங்க."

(இங்கே ஓர் அடைப்புக்குறி. இதை வாசிக்கும் நீங்களும் ஒரே வகுப்பு இல்லை. சிலர் இந்த மாதிரிக் கதைகளை நிறையப் பார்த்துவிட்டு, "இப்ப ஆசிரியர் குறுக்கே வந்து நம்மகிட்டப் பேசுவாங்க பாரு," என்று கொட்டாவி விடுகிறீர்கள். சிலர், "கதையைச் சொல்லும்மா," என்கிறீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே டப்தான். கொட்டாவி விடுபவர்கள் நான்காம் பாய்க்குப் போய், ஏன் அப்படி என்று எழுதவும்.)

4

டீச்சரின் திட்டம் நான்கு ஆண்டுச் சக்கரம். முதலாம் ஆண்டு தண்ணீர். இரண்டாம் ஆண்டு வீடு. மூன்றாம் ஆண்டு பயணம். நான்காம் ஆண்டு சந்தை. அந்தந்த ஆண்டு கூடம் முழுக்க அதே பொருள். கணக்கும் வாசிப்பும் படமும் பாட்டும் அதிலிருந்தே வரும். ஒரு பிள்ளை சக்கரத்தின் எந்த இடத்தில் உள்ளே ஏறினாலும், நான்கு ஆண்டில் நான்கையும் சுற்றி முடித்துவிட்டு இறங்கும். எளிமையான யோசனை. அதனால்தான் அதற்கு ஆபத்து.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது சக்கரம் முதலாம் ஆண்டில் இருந்தது. தண்ணீர். அந்த ஆண்டின் முடிவில் மேலிடத்தில் அதிகாரி மாறினார். புதியவர் திட்டத்தைப் பார்த்து அசந்துபோனார். "அருமை! இதை முறையா, முதலாம் ஆண்டிலிருந்து அமல்படுத்துங்க," என்று உத்தரவு போட்டார். தண்ணீர். அடுத்த ஆண்டு இன்னொருவர் வந்தார். அவரும் அசந்துபோனார். தண்ணீர்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா டீச்சர்?"

"சொல்லாம இருப்பேனா? ரெண்டு தடவை செஞ்சாச்சுன்னு சொன்னேன். 'அது பழைய முதலாம் ஆண்டு, இது புதிய முதலாம் ஆண்டு'ன்னாங்க."

வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள், உற்சாகமானவர்கள், தொடங்கிவைப்பதில் மிகுந்த ஆர்வம் உள்ளவர்கள். இந்த உலகத்தில் முதலாம் ஆண்டுக்கு ரிப்பன் வெட்டலாம், குத்துவிளக்கு ஏற்றலாம், போட்டோ எடுக்கலாம். இரண்டாம் ஆண்டுக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கு வீடு தெரியாது, பயணம் தெரியாது, சந்தை தெரியாது. தண்ணீரில் மட்டும் அவர்களை யாரும் அசைக்க முடியாது.

(நான் இந்தக் கதைக்கு மூன்று தொடக்கம் எழுதினேன் என்பதை நான்காம் பாய் ஏற்கனவே கவனித்திருக்கும். தெரியும். சும்மா இருக்கவும்.)

4

(எண் தவறு இல்லை. முந்தைய நான்கு பழைய நான்கு, இது புதிய நான்கு.)

முந்தைய பகுதியை எழுதும்போது எனக்கு அவர்கள் மேல் கோபம் இருந்தது. நையாண்டிக்குக் கோபம் நல்ல எண்ணெய். ஆனால் டீச்சர் சொன்ன ஒரு சம்பவத்தை மறைத்துவிட்டுத்தான் என்னால் அந்தக் கோபத்தோடு எழுத முடிந்தது. அது நியாயமில்லை. சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு, மூன்றாவது தண்ணீரின் நடுவில், ஒருநாள் முதல் பாயில் உட்கார்ந்திருந்த மேனேஜர் புத்தகத்தைப் பிடுங்கிச் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்ட ஆரம்பித்திருக்கிறாள். மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்ற பக்கம். டீச்சர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தை மூன்று ஆண்டாகக் கேட்கிறவள். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். ஓடை வந்தது, வயல் வந்தது. "கடைசியில் தண்ணீர் எல்லாம் ஊர்க் கோடியில் இருக்கும்—" என்று வந்தவள் நின்றுவிட்டாள். விரலை வைத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"டீச்சர்! இவங்க மாத்திட்டாங்க!"

"என்னத்த மாத்திட்டாங்க?"

"குளம்தானே இருந்துச்சு? இப்ப ஏரின்னு போட்டிருக்கு!"

புதிய அதிகாரி வந்ததும் புத்தகம் புதிதாக அச்சாகியிருந்தது. புதிதாக அச்சாகிறது என்றால் ஏதாவது மாற வேண்டும் அல்லவா? எந்தக் காரணமும் இல்லாமல் யாரோ ஒருவர் குளத்தை ஏரியாக்கியிருக்கிறார். மனப்பாடமாகச் சொல்லியிருந்தால் அவள் குளம் என்றுதான் சொல்லியிருப்பாள். ஏரியை அவள் கண்தான் பார்த்தது.

அடுத்து என்ன வரும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால் பயம் இல்லை. பயம் இல்லாததால் எழுத்து மெல்ல மெல்லக் கண்ணுக்குப் பிடிபட்டிருக்கிறது. இரண்டு தண்ணீர் அவளுக்குப் போதவில்லை. மூன்றாவது தண்ணீரில் மிதந்துவிட்டாள்.

"திட்டம் போட்டு யாரும் இதைச் செஞ்சிருக்க முடியாது," என்றார் டீச்சர்.

ஆகவே, நையாண்டி எழுத உட்கார்ந்த நான் இங்கே நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாம் ஆண்டு என்று ஒன்று இருப்பதையே மறந்த அந்த இரண்டு அதிகாரிகளுக்கு. குளத்தை ஏரியாக்கிய அந்த முகம் தெரியாத மனிதருக்கு. ஐயா, நீங்கள் ஒரு வேலையும் இல்லாமல் செய்த வேலை அது. ஆனால் என் வீட்டில் அதற்குப் பெரிய மதிப்பு.

5

அடுத்து ஆலோசகர். இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

அவர் வருவதற்கு முன்பே அவரை எழுதி முடித்துவிட்டேன். தொப்பை, தங்க நிறப் பேனா, நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரும் வழக்கம், "இன்றைய சூழலில்" என்று தொடங்கும் பேச்சு. எனக்கு மிகவும் பிடித்த வில்லன். அவரை நம்பித்தான் கதையையே எடுத்தேன்.

வந்தவர் ஒல்லியாக இருந்தார். பேருந்தில் வந்திருந்தார். ஹெட்மாஸ்டர் துணி போர்த்திய நாற்காலியைக் காட்ட, "இருக்கட்டும் சார், கீழயே உட்காருறேன். பாயில உட்கார்ந்து ரொம்ப நாளாச்சு," என்று ஷூவைக் கழற்றினார். ஒரு சாக்ஸில் ஓட்டை.

(இதைத்தான் சொல்கிறேன். தொப்பையை வெட்டிவிட்டு சாக்ஸில் ஓட்டை போட்டுக்கொடுத்தால் நான் எப்படி நையாண்டி எழுதுவது?)

ஆனால் அவர் ஏமாளி அல்ல. பாடத்திட்டத்தைப் புரட்டி, இதுவரை நடந்த ஆண்டுகளின் பக்கத்துக்கு வந்தார். "மூணு வருஷமும் தண்ணியா?" என்று நிமிர்ந்தார். டீச்சர் மறைக்கவில்லை. மூன்று முதலாம் ஆண்டுகளையும் சொன்னார். குளம், ஏரி கதையையும் சொன்னார். நான் பெற்றோர் என்ற முறையில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். ஹெட்மாஸ்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு," என்றார் ஆலோசகர். "ஆனா குழுவில கேப்பாங்க. மூணு தடவை கேட்டதை யார்தான் சொல்ல மாட்டாங்க? ஒரு வார்த்தை கண்ணுல பட்டுட்டா வாசிப்பு வந்துருச்சுன்னு சொல்ல முடியுமா? இந்தக் கூடத்துல பின்தங்கினது வெளிய தெரியாம ஒளிஞ்சுக்கலாம்னு ஒருத்தர் ஏற்கனவே எழுதியிருக்கார்."

அந்தக் கேள்வி தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குள் இருந்ததும் அதே கேள்விதான்.

"பாப்பா, இங்க வா," என்றார். மேனேஜர் எழுந்திருக்கவில்லை. தேய்த்துக்கொண்டே வந்தாள். "தண்ணியை விட்டுடுவோம். இதுவரைக்கும் நீ பார்க்காத ஒண்ணைத் தரேன். வாசிக்கிறியா?"

கையில் இருந்ததைத்தான் நீட்டினார். பாடத்திட்டம். முதல் பக்கம்.

என் முன்னுரை.

6

"பல் நிலை," என்று வாசித்தாள் என் மகள்.

இங்கே ஒரு சொட்டுக் கருணைக்காக நிறுத்துகிறேன். வாசகரே, உங்கள் பிள்ளையின் தலைவிதி ஒரு பக்கத்தில் தொங்கும்போது, அந்தப் பக்கத்தை எழுதியது நீங்களாக இருந்து, அதை வேண்டுமென்றே வாசிக்க முடியாதபடி எழுதியிருந்தால்—

(வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் அழுகையாகிவிடும்.)

"பல்நிலைக்... கற்... றலின்..." விரல் ஊர்ந்தது. "ஒருங்... கிணைந்த... ஒருங்கிணைந்த..." முதல் பாய்ப் பொடிசு ஒன்று அவள் முதுகில் சாய்ந்து எட்டிப்பார்த்தது. "சுழற்... சிக்... கட்டமைப்பு." நான் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வரிக்கு அவள் மூன்று முறை மூச்சு வாங்கினாள், இரண்டு முறை மூக்கை நோண்டினாள். விடவில்லை. முற்றுப்புள்ளி வந்ததும் நிமிர்ந்தாள்.

"வாசிச்சிட்டேன். ஒண்ணும் புரியல."

"எனக்கும்," என்றது பொடிசு.

"இதை யார் எழுதினது?" என்று கேட்டாள் மேனேஜர்.

ஆலோசகர் ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"அம்மா, நீயா? யாருக்கு எழுதின?"

"மேல இருக்கிறவங்களுக்கு," என்றேன்.

பொடிசு நிமிர்ந்து கூரையைப் பார்த்தது. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆலோசகர் சிரிக்கவில்லை. பக்கத்தை வாங்கி, ஒரு முறை தனக்குள் வாசித்துக்கொண்டார். "இதுக்கு என்ன அர்த்தம்னா," என்று பொடிசிடம் சொன்னார், "சின்னவங்களும் பெரியவங்களும் ஒண்ணா உட்கார்ந்து படிப்பாங்க. இந்த வருஷம் விட்டது அடுத்த வருஷம் சுத்தி வரும். யாரும் எதையும் தவறவிட மாட்டாங்க."

"அப்ப அப்படியே எழுதியிருக்கலாமே?" என்றாள் மேனேஜர்.

"எழுதலாம். நான் கூட அப்படித்தான் எழுதுவேன், வேலைக்குச் சேர்ந்த புதுசுல. திருப்பி அனுப்பிட்டாங்க." என்னைப் பார்த்தார். "கனம் பத்தாதுன்னு."

இந்த இடத்தில்தான் என் வில்லன் முழுசாகக் கெட்டுப்போனார். அந்தக் கூடத்தில் வாசிக்க முடியாத எழுத்தை எழுதிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் தொப்பையுடன் கூட இல்லை, என் புடவையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

7

முடிவுகள்.

முதல் முடிவு, நையாண்டிக்காரர்களுக்கு: ஆலோசகர் மனம் உருகி, "பிரமாதம்! இந்தத் திட்டத்தை முறையாக முதலாம் ஆண்டிலிருந்து தொடங்குங்கள்," என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். நான்காவது தண்ணீர். என் கை இதைத்தான் எழுதத் துடிக்கிறது. துடிப்பதால் வேண்டாம்.

இரண்டாம் முடிவு, கண்ணைத் துடைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு: எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஹெட்மாஸ்டர்—

(நிறுத்தினேன். அவர் அந்த நேரத்தில் டீ வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.)

நடந்தது இவ்வளவுதான். ஆலோசகர் ஷூவை மாட்டிக்கொண்டே டீச்சரிடம் பேசினார். "பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுவேன். ஆனா குழுவில நான் ஒரு ஆள்தான். மத்தவங்க என்ன முடிவு எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேச விரும்பல."

"சரிங்க சார்."

"அடுத்த வருஷம் என்ன?"

"வீடு."

"நடத்தியிருக்கீங்களா?"

"எங்க சார்! இதுவரைக்கும் அந்தப் பக்கம் போனதே இல்லையே," என்றார் டீச்சர். சொல்லும்போது முதன்முறையாக அவர் குரலில் பயம் தெரிந்தது. அவர் போட்ட சக்கரம்தான். ஆனால் அது நகர்ந்து அவரே பார்த்ததில்லை.

"அப்ப யோசிக்க ஆரம்பிங்க. முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க," என்றார். டீயைக் குடிக்காமலே பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

டீச்சர் அன்றே ஆரம்பித்துவிட்டார். முதல் பாய்க்கு என்ன, நான்காம் பாய்க்கு என்ன என்று நடந்துகொண்டே முணுமுணுக்கிறார். என்னைப் பார்த்தால், "உங்க வீட்டுச் சுவரை அளக்க நாலாம் பாயை அனுப்பலாமா?" என்கிறார். கூடம் இருக்குமா இல்லையா என்று தெரியாமல், அதில் ஓர் ஆண்டு முழுக்க என்ன நடக்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசிக்கிறார். இதற்கு நான் எப்படி நன்றி சொல்வது? மெழுகுவர்த்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே முன்னுரையைத் திரும்ப வாங்கி, ஆலோசகர் பொடிசிடம் சொன்ன மூன்று வாக்கியங்களை எழுதிக் கொடுத்தேன். ஹெட்மாஸ்டர் தாளைக் கையில் தூக்கிப் பார்த்து, "ரொம்ப லேசா இருக்கே மேடம்," என்றார். ஆனால் அதைத்தான் அனுப்பினார். அவருக்கும் நன்றி.

குழு இன்னும் கூடவில்லை. இந்தக் கதை அச்சுக்குப் போகும்போதும் கூடியிருக்காது. முடிவு என்னிடம் இல்லை. உங்களில் யாராவது ஒருவர் அந்தக் குழுவில் இருக்கலாம். இல்லை என்றாலும் இப்படி ஏதாவது ஒரு குழுவில் என்றாவது உட்காரப்போகிறவர்தான். முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். நல்லதாகப் பார்த்துச் செய்யுங்கள்.

8

நியாயமாகக் கதை மேலே முடிந்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கணவர் சோபாவில் வாயைப் பிளந்து தூங்குகிறார். எழுதி முடித்து ஓரமாக வைத்த தாள்களை மேனேஜர் ஒவ்வொன்றாக இழுத்து வாசித்துக்கொண்டிருக்கிறாள். நான் கூப்பிடவில்லை. அவளாக வந்து உட்கார்ந்தாள்.

"மூக்கை நோண்டினேன்னு ஏன் எழுதின?"

"நோண்டினியே."

"ரெண்டு தடவை இல்ல. ஒரு தடவை."

"சரி, மாத்திடுறேன்."

"மாத்த வேணாம். எழுதினது எழுதினதுதான்," என்று அடுத்த தாளை எடுத்தாள்.

எல்லா வார்த்தையும் அவளுக்குப் பிடிபடவில்லை. சிலதைத் தாண்டிப் போகிறாள். "அமல்படுத்துங்க" என்ற இடத்தில் உதட்டைப் பிதுக்கினாள். குழு என்ன சொல்லும் என்ற பகுதியை இரண்டு முறை வாசித்தாள். என் முழங்கையோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது எல்லாத் தாளும் முடிந்துவிட்டது. மீதி இருப்பது என் கைக்குக் கீழே இருக்கும் இந்த ஒன்று. அதிலும் அவள் விரல் மேலிருந்து வரிவரியாக இறங்கி வருகிறது. நான் வேகமாக எழுதப் பார்க்கிறேன். முடியவில்லை. விரல் இந்த வரியைத் தொட்டுவிட்டது. என் பேனா முனைக்கு அருகில் வந்து நிற்கிறது.

"ம்," என்கிறாள். "அப்புறம்?"

அவள் பிறந்ததிலிருந்து, இவள் எப்போது மற்றவர்களோடு வந்து சேர்வாள் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். முதல் முறையாக அவள் எனக்காகக் காத்திருக்கிறாள்.